புதன்கிழமை மீன்கள்

"இன்னொரு சொம்பு! உசரத்துலேருந்து ஊத்து, உசரத்துலேருந்து!"

கத்திக்கொண்டே தங்கதுரை வாளியைத் தொட்டிக்குள் அமிழ்த்தினான். மொண்டான். தலைக்கு மேல் தூக்கினான். அதே தொட்டிக்குள் தபதபவென்று கொட்டினான். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். நூற்றுப் பதினெட்டு மீன்களுக்கு இப்போது அந்தக் காற்றுதான் உயிர்.

காலை ஐந்து ஐம்பது. கரண்ட் போய் நாற்பது நிமிடம். காற்று மோட்டார் செத்துக் கிடந்தது. தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். நேற்றுக் காலை வரை அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர், இன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்கு மேலே ஜிலேபிக் கெண்டைகள் வாயை வெளியே நீட்டி நீட்டி மூடிக்கொண்டிருந்தன. நூறு வாய்கள். சத்தமே இல்லாத நூறு வாய்கள்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி வீரலட்சுமி சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது கையால். அதுவும் இடுப்பு உயரத்துக்கு மேல் சொம்பு எழும்பவே இல்லை.

"வலது கையை என்ன வாடகைக்கு விட்டுட்டியா? தூக்கி ஊத்துடி!"

"தோள்பட்டை பிடிச்சிருக்குங்க. ஊத்திக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, அந்தா ஒண்ணு மல்லாந்துருச்சுங்க. ஐயோ, இன்னொண்ணு! எதாச்சும் பண்ணுங்க. சாகக் கூடாதுங்க, ஒண்ணுகூடச் சாகக் கூடாது!"

அவன் மீன்களுக்காகப் பதறியதைவிட அவள் பதற்றம் ஒரு படி மேலே இருந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்த அவன் உள்ளங்கையில் சுரீரென்று எதுவோ கடித்தது. சிவப்பு எறும்பு. விளிம்பு நெடுக ஒரு சாரை ஊர்ந்துகொண்டிருந்தது. உதறிவிட்டு மறுபடி வாளியைத் தூக்கினான்.

ஆறு இருபதுக்கு மோட்டார் உறுமியது. கரண்ட் வந்துவிட்டது. அதற்குள் நான்கு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அவற்றைப் பொறுக்கி மறைப்பதற்குள் பின்கட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா நாகம்மா. மூக்கை முந்தானையால் மூடியிருந்தாள்.

"தேவுடா! மறுபடியும் செத்துப்போச்சா? ஏம்ப்பா துரை, போன வாரம் நாத்தத்துல எம் பசுமாடு தண்ணியே குடிக்கல. எனக்கு வயித்தக் கலக்குது. இதா பாரு, கடைசியாச் சொல்றன். இன்னொரு வாட்டி செத்த மீனு நாத்தம் வந்துச்சு, அன்னிக்கே தொட்டியக் கவுத்துரு. இல்ல, நான் ஆள வெச்சுக் கவுக்கறன்."

"இல்லம்மா, வெயில் ஜாஸ்தி, அதான்..."

"வெயிலு எனக்குந்தா அடிக்குது. நான் செத்தா போனன்?"

கதவு படாரென்று மூடியது.

*

சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் தங்கதுரை தரப் பரிசோதகன். லைனில் வரும் இரும்பு வார்ப்புகளைக் கையால் தடவிப் பார்ப்பதுதான் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அரை மில்லிமீட்டர் மேடு எங்கே இருக்கிறது என்று அவன் விரல் நுனி சொல்லிவிடும். பன்னிரண்டு வருடத்தில் அந்த விரல் தப்பாகச் சொன்னதில்லை.

ஆனால் 2009 பிறந்ததிலிருந்து தடவுவதற்கு வார்ப்புகளே வரவில்லை. அமெரிக்காவில் எதுவோ சரிந்ததாம், ஓசூரில் இரண்டாவது லைனை இழுத்துப் பூட்டினார்கள். வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. திங்கள் முதல் வியாழன் வரை. முதல் லைனுக்கும் பூட்டு வரப்போகிறது என்று கேன்டீனில் பேச்சு.

அப்போதுதான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது அந்த அக்வாபோனிக்ஸ் கண்ணில் பட்டது. கீழே மீன், மேலே செடி. மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லி நிரப்பிய பாத்திகளில் வேர்கள் அந்தக் கழிவைத் தின்றுவிட்டு, சுத்தமான தண்ணீரைத் திருப்பி அனுப்பும். ஜல்லியில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்தான் இதில் சமையல்காரன். மண் வேண்டாம், உரம் வேண்டாம். காயலான் கடையில் இரும்புக் கூண்டு போட்ட ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, நெடுக்காகப் பிளந்த நீல டிரம்கள் நான்கு, கிருஷ்ணகிரி அணைப் பக்கமிருந்து மீன் குஞ்சுகள். ஜனவரியில் ஆரம்பித்தான். மார்ச்சில் பாத்தியில் புதினா மண்டியது. கேன்டீனில் அவனுக்கு 'மீன் கம்பெனி எம்.டி.' என்று பெயர் விழுந்தது.

நாகம்மாவின் மகன் ஹரீஷ்குமாருக்கு உத்தனப்பள்ளியில் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள் இருந்தன. ஒருநாள் வந்து தொட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"சார், ஒரு ஷெட் சும்மாதான் கெடக்குது. பெருசா பண்ணலாம், பார்ட்னரா. ஆனா ஒரு கண்டிஷன். கோடையில இது நிக்கணும். மே முப்பத்தொண்ணாம் தேதி வந்து பாக்கறேன். நூறு மீனு உயிரோட இருந்தா ஷெட் சாவி உங்க கையில."

நூறு மீன். முதல் லைனுக்குப் பூட்டு விழுந்தால் தங்கதுரைக்கு இருக்கும் ஒரே வாசல் அந்த ஷெட்தான். இப்போது தொட்டியில் நூற்றுப் பதினான்கு. தேதி மே ஆறு.

*

அன்று மதியம் கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பழைய டைரியை விரித்தான். லைனில் குறை வந்தால் தேதி, நேரம், எத்தனை என்று எழுதுவது அவன் வழக்கம். மீனுக்கும் அப்படியே எழுதி வந்தான்.

ஏப்ரல் 8, ஒன்று. ஏப்ரல் 15, ஒன்று. 22, இரண்டு. 29, மூன்று. மே 6, நான்கு.

வெயில், வெயில் என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் தினமும்தான் அடிக்கிறது. பின் ஏன் இடையில் ஒருநாள்கூட ஒரு மீன்கூடச் சாகவில்லை? தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையை எழுதினான். எழுதி முடித்தபோது பேனா நின்றுவிட்டது.

புதன். புதன். புதன். புதன். புதன்.

வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. யாரோ, எதுவோ, செவ்வாய்க்கிழமை தோறும் அந்தத் தொட்டிக்கு வருகிறது.

செவ்வாய்க்கிழமை வருவது எது? தண்ணீர் லாரி! பிளீச்சிங் பவுடர் வாசனையோடு வரும் லாரித் தண்ணீர். பகல் முழுக்க வெயிலில் காயவைத்து, சாயங்காலம்தான் தொட்டியில் விடுவான். அது போதவில்லையோ? சட்டென்று மனசு லேசானது. பிடித்துவிட்டோம்.

அடுத்த செவ்வாய் லாரித் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகவில்லை. முதல் நாளே நாகம்மாவின் போர் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினான். அலங்கார மீன் விற்கும் கடையிலிருந்து பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை இரவல் வாங்கி, பைக் பேட்டரியில் மாட்டித் தயாராக வைத்தான். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் நேரே தொட்டிக்குத்தான் போனான். தண்ணீர் தெளிவு. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தான்.

புதன் காலை ஐந்தரை. பின்கதவைத் திறந்தான்.

அரிசி கழுவிய தண்ணீர். நூறு வாய்கள்.

கரண்டும் இல்லை. பேட்டரி மோட்டாரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, படியில் அப்படியே உட்கார்ந்தான். பேட்டரி காப்பாற்றியது, இரண்டோடு போயிற்று. அந்த இரண்டையும் நாகம்மா எழுவதற்குள் புதினாப் பாத்திக்குப் பின்னால் முழ ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தான். கொலை செய்தவன் மாதிரி வியர்த்துக் கொட்டியது.

நூற்றுப் பன்னிரண்டு.

வீரலட்சுமி கதவோரம் நின்று புதைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுதானா?" என்று கேட்டாள்.

"ரெண்டு போனது பத்தாதா உனக்கு?"

அவள் உள்ளே போனாள். ஒரு பாட்டிலில் அந்த வெள்ளைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தங்கதுரை கம்பெனிக்குக் கிளம்பினான்.

*

கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்டில் ஆபரேட்டர் மாதவன். மத்தூர்க்காரன். நாற்றம் பிடித்த தண்ணீரோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் காட்டினான். குலுக்கினான். மூடியைத் திறந்து முகர்ந்தான். அவன் புருவம் மேலே போனது.

"ண்ணா, இது கெமிக்கல் இல்ல."

"பின்ன?"

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. தொட்டியச் சுத்தி எறும்பு வருதா?"

தங்கதுரையின் உள்ளங்கை அரித்தது. "வருது. எறும்புக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

மாதவன் அவனைத் தோளில் தட்டி, பெரிய சிமெண்டுத் தொட்டி அருகே கூட்டிப் போனான். பழுப்புத் தண்ணீர் நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு சாக்கு மூட்டை. அதைக் காலால் தட்டிக் காட்டினான்.

"கழிவத் திங்கற பாக்டீரியாவ நாங்க இதுலதான் வளக்கறது. அது சோந்து போய்க் கெடந்தா என்ன போடுவோம் தெரியுமா? சாணி. அப்பறம் இது."

மூட்டைக்குள் இருந்தது மண்டை வெல்லம்.

"வெல்லத்தக் கரைச்சு ஊத்தினா ஒரே ராத்திரில பாக்டீரியா பெருகி தண்ணி பால் மாதிரி ஆயிரும். அது மூச்சு விடறதுக்கு, தண்ணில இருக்கற காத்தயெல்லாம் உறிஞ்சுக்கும். இங்க மீனு இல்ல, பரவால்ல. உங்க தொட்டில?" பாட்டிலின் அடியை நகத்தால் சுட்டினான். அங்கே தலைமுடிபோல் மெல்லிய கரும்பு நார் ஒன்று, நாலைந்து மணல் துகள். "பாத்தீங்களா? ண்ணா, உங்களுக்கு யாரு மேலயாவது சந்தேகம் இருக்குதா? வாரா வாரம் யாரோ உங்க மீனுக்கு வெல்லம் ஊட்டறாங்க."

தங்கதுரை பாட்டிலைத் திரும்ப வாங்கி அந்த நாரை உற்றுப் பார்த்தான்.

வெல்லம். யாரிடம் வெல்லம் இருக்கிறது? நாகம்மா! பசுமாட்டுக்குத் தவிட்டோடு தினமும் வெல்லம் உடைத்துப் போடுகிறவள். பின்கட்டுச் சாவி அவளிடம்தான் இன்னொன்று இருக்கிறது. தொட்டியைக் கவிழ்க்க வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். விஷம் வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று வெல்லம் வைக்கிறாளா? மகன் ஷெட்டை இவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று திட்டமா?

*

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் வீரலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு மகள் வினிதாவை அருப்புக்கோட்டையில் தன் அம்மா வீட்டுக்கு வீரலட்சுமி அனுப்பிவைத்திருந்தாள். இந்த வருடம் லீவு முழுக்க அங்கேயே இருக்கட்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

வெல்லம் என்ற வார்த்தை வந்ததும் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"வெல்லம் போட்டா மீனு செத்துருமா?"

"மூச்சு முட்டிச் செத்துரும்."

"நெசமாவா? வெல்லத்தாலயா செத்துச்சு? வேற எதுனாலயும் இல்லையா?"

"வேற எதுனால சாகும்? மாதவன் கண்ணு முன்னாடி காட்டுறான்ல! அந்தம்மா வேலைதான். நாளைக்கே போய் நாலு கேள்வி கேட்டுர்றேன்."

"வேணாங்க!" குரல் வெடுக்கென்று உயர்ந்தது. பிறகு தணிந்தது. "அந்தம்மா மேல பழி போடாதீக. வாய்தான் அப்படி. பாவம்."

"பாவமா? நம்ம பொழப்புல வெல்லத்தைக் கரைக்கிறவ உனக்குப் பாவமா?"

அவள் இரண்டு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உண்ணவில்லை. பிறகு வேறு எதையோ கேட்டாள்.

"ஏங்க, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில பொம்பள டாக்டரு எந்தக் கிழமை வருவாக?"

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுச் சாந்தம்மா கேட்டா."

"வியாழன்னு நெனைக்கிறேன். விசாரிச்சுச் சொல்றேன்" என்றான், நினைப்பெல்லாம் வெல்லத்திலேயே இருக்க. அவளுக்கு அவன் விசாரித்துச் சொல்லவே இல்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

நாகம்மாவிடம் கேள்வி கேட்டால் ஒத்துக்கொள்ளவா போகிறாள்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவன் எட்டரைக்கு கம்பெனிக்குப் போய் மாலை ஆறுக்குத்தான் திரும்புவான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்துக்குள்தான் நடக்கிறது.

வீரலட்சுமியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் இரக்கப்பட்டு எச்சரித்துவிடுவாள்.

*

மே பத்தொன்பது, செவ்வாய். தலைவலி என்று சொல்லி மதியம் இரண்டு மணிக்கு கேட் பாஸ் வாங்கினான். பைக்கைத் தெருமுனை டீக்கடையில் விட்டுவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகச் சுவரேறி, வெளிப்படியில் ஓசைப்படாமல் மொட்டை மாடிக்குப் போனான். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தினான். கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியே கீழே பின்கட்டு முழுதும் தெரிந்தது. தரை தோசைக்கல். செருப்பையும் தாண்டிக் கால் வெந்தது.

இரண்டரை. ஒருவரும் இல்லை.

இரண்டே முக்கால். காகம் ஒன்று டிரம் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

மூன்று மணி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மூன்று ஐந்து.

நாகம்மா!

தங்கதுரை மூச்சைப் பிடித்தான். அவள் ஒரு கையில் தவிட்டு வாளி. மறு கையில்... ஆமாம். உருண்டையாக, பழுப்பாக. நடந்து வந்தவள் தொட்டியருகே நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தொட்டிக்குள் குனிந்தாள்.

போடு. போட்டுடு. படிக்கட்டுக்குப் பாய அவன் கால்கள் தயாராயின.

"ஏமே, பதிகி உன்னாரா?" என்று மீன்களிடம் தெலுங்கில் நலம் விசாரித்தாள் நாகம்மா. கீழே காற்றுக் குமிழ்கள் கொப்பளிப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். "இந்த வெயில்ல நீங்களாச்சும் தண்ணில கெடக்கிறீங்க. குடுத்து வெச்சதுங்க."

நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். வெல்லம் பசுவின் வாய்க்குள் போயிற்று. வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கதுரைக்கு வெட்கமாக இருந்தது. ஆறு நாளாக மனசுக்குள் அந்த அம்மாளுக்கு விலங்கு மாட்டி வைத்திருந்தான். அப்படியானால் யார்? இன்றைக்கு வரவே மாட்டார்களா? வேலையைக் கெடுத்துக்கொண்டு மாடியில் காய்வதுதான் மிச்சமா?

மூன்று இருபத்தைந்துக்கு அவனுடைய வீட்டுப் பின்கதவு திறந்தது.

வீரலட்சுமி. தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும் கூந்தலை முடிந்து, மஞ்சள் புடவையில். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் விளக்கேற்றுவாள் என்று அவனுக்குத் தெரியும். விளக்கு உள்ளேதானே இருக்கிறது? இடது கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு தொட்டிக்கு வந்தாள். சொம்பால் தண்ணீர் மொண்டு வாளியை நிரப்பினாள். பிறகு மீன் பிடிக்கும் சின்ன வலையைத் தொட்டிக்குள் விட்டாள்.

ஒரே ஒரு மீன். வலையில் துள்ளியதைப் பதமாக வாளிக்குள் விட்டாள்.

தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. திருடுகிறாளா? தன் வீட்டு மீனையே?

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து எடுத்தாள். வெல்லம்.

அவள் அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். வெல்லத்தைக் கையில் பிடித்து தன் உடம்பருகே எதையோ மூன்று முறை சுற்றினாள். அவள் முணுமுணுப்பு மெல்ல மேலே கேட்டது. குனிந்து, வெல்லத்தை வாளித் தண்ணீருக்குள் வைத்து விரலால் மெதுவாகத் தேய்த்துக் கரைக்கத் தொடங்கினாள்.

படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினான்.

"வீரு!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால் கையை மறைக்கவில்லை. பழுப்புத் தண்ணீர் விரல்களில் வழிந்தது.

"நீயா? ஏழு வாரமா நீயாடி?"

"தொட்டியில போடலைங்க!" வார்த்தைகள் தடுக்கி விழுந்தன. "சாமி சத்தியமா போடல. நீங்க சொன்னதுக்கப்புறம் போடுவேனா? வாளியிலதான் கரைக்கிறேன். ஒரே ஒரு மீனுதாங்க எடுத்தேன். உங்க கணக்குக்கு நூறுக்கு மேலதான இருக்கு?"

"ஷெட்டு போயிரும்னு தெரியும்ல? லைனை மூடப் போறான்னு தெரியும்ல? நான் லாரிக்காரனைச் சந்தேகப்பட்டேன், நாகம்மாவைச் சந்தேகப்பட்டேன், திருடன் மாதிரி என் வீட்டு மாடியிலயே ஒளிஞ்சு கெடந்தேன்..."

"வெல்லத்துக்குச் சாகும்னு எனக்குத் தெரியாதுங்க. அது செத்தப்பல்லாம் நான் வேற நெனைச்சேன்."

"என்ன நெனைச்ச?"

"எங்கிட்டருந்து எடுத்துக்கிச்சு போலன்னு நெனைச்சேன்." அவள் வாளிக்குள் இருந்த மீனைப் பார்த்தாள். "பாவமாவும் இருந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு. நீங்க அது வெல்லத்தாலதான்னு சொன்னீக பாருங்க, அன்னிக்கு ராத்திரிதான் பயமே வந்துச்சு. அப்ப எதுவுமே எடுத்துக்கலையா, எல்லாம் எங்கிட்டயேதான் இருக்கான்னு."

"எதை எடுத்துக்கணும்? புரியுற மாதிரிச் சொல்லு."

டப்பென்று மோட்டார் நின்றது. கரண்ட் போய்விட்டது. தொட்டியில் குமிழ்கள் அடங்கின. இந்தக் கோடையில் முதல்முறையாகத் தங்கதுரை தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊர்க் குளத்துல போடணும்னுதான் நேர்ந்தது. குளம் வறண்டு கெடக்காம். மீனு இருக்குற தண்ணியா இருந்தாப் போதும், எங்க போட்டாலும் ஆத்தா ஏத்துக்குவான்னு அம்மா போன்ல சொல்லுச்சு. வெல்லம் கரையுற மாதிரி அதுவும் கரைஞ்சிருமாம். ஒம்பது செவ்வாய். இன்னும் ரெண்டுதாங்க பாக்கி."

"எதுடி கரையணும்?"

நாகம்மாவின் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள். பிசுபிசுத்த கையால் அவனுடைய வலது கையைப் பற்றினாள். சொம்பைத் தூக்க முடியாத தன் வலது தோளுக்குக் கீழே, அக்குளை ஒட்டி, மார்பின் ஓரத்தில் ரவிக்கையின் மேல் அந்தக் கையை வைத்து அழுத்தினாள்.

அரை மில்லிமீட்டரைத் தப்பவிடாத விரல்கள். அவை எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. துணிக்கு அடியில், தோலுக்கு அடியில், வார்ப்பு போல இறுகி, அசையாமல் இருந்தது. எலுமிச்சம்பழ அளவு.

"பொங்கலப்ப சுண்டைக்காய் மாதிரிதாங்க இருந்துச்சு" என்றாள் வீரலட்சுமி.